கடைமடை

இரவுப்பணி முடிந்து வந்து படுத்தால்
தலையணை ஈரம்.
நிமிர்ந்து பார்த்தேன்.
கூரையில் காதின் வடிவில் ஒரு கறை.
அதன் மடலிலிருந்து சொட்டு.
சாக்கடை நாற்றம் இல்லை.
இளம்பச்சை. கார் பட்டறை வாசனை.

ஐந்தாம் மாடியில் அழைப்பு மணி வேலை செய்யவில்லை.
உள்ளங்கையால் கதவை அறைந்தேன்.

லூபோர், டிராம் பணிமனையில் மின்வேலை.
எட்டு வருடமாக லிஃப்டில்
வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.
கையில் துணி, முழங்கால்வரை நனைந்த பைஜாமா.
"தெரியும், திருமதி ஹெய்லோவா, தெரியும்."

திட்டத்தான் ஏறி வந்தேன்.
சமையல் மேஜையைப் பார்த்ததும்
வசவு தொண்டையிலேயே நின்றது.

வயிறு திறந்து கிடந்தது கணினி.
ஊறுகாய் ஜாடிக்குள் மூழ்கி மீன்தொட்டி மோட்டார்.
பழைய ஸ்கோடாவிலிருந்து பிடுங்கிய ரேடியேட்டர்.
மோட்டாரின் வாயிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு
கவட்டையாய்ப் பிரிந்து
ஒரு கிளை பிராசஸருக்கு,
ஒரு கிளை கிராபிக்ஸ் அட்டைக்கு.

எனக்கு இதன் பெயர்தான் தெரியாது.
வாரத்தில் ஐந்து இரவு
குழாய்களுக்கு நடுவேதான் நிற்கிறேன்,
டயாலிசிஸ் பிரிவில், ஆறு கட்டில், ஆறு மோட்டார்.

"பிராசஸர் எழுபத்தொரு டிகிரி" என்றான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோல.
"அட்டை முப்பத்தெட்டில் சுகமாக இருக்கிறது.
பெரிய மோட்டார் வாங்கணும். இரண்டாயிரம் கொருனா."

"திரும்பி வரும் குழாய்களைக் கழற்று."
நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

அரை லிட்டர் பியர்க் குவளை இரண்டு.
கிளைக்கு ஒன்று.
என் கடிகாரத்தில் விநாடி முள் உண்டு.
அட்டையின் குவளை ஒன்பதில் வழிந்தது.
பிராசஸரின் குவளை
நாற்பத்தொன்றுவரை எண்ண வைத்தது.

அந்தச் செம்புக் கட்டியை அவனே கடைந்தானாம்.
உள்ளே வாய்க்கால்கள் அத்தனை நெருக்கம்.
தண்ணீரைக் குறை சொல்லி என்ன?
பள்ளம் கண்டால் பாயும்.
மேட்டு நிலத்துக்காக அது இரங்கியதாய்
எந்த ஊரிலும் கேள்வியில்லை.

மறுபடி துளையிட்டு அகலமாக்கலாம் என்றான்.
மறுபடி மோட்டார் என்றான்.
வாங்கிப் போடு. அதிலும் முக்கால் பங்கு
ஏற்கெனவே வழிகிறவனுக்குத்தான்.
தலைமடையை இறுக்கு என்றேன்,
கடைமடை தானே நனையும்.

என் பைக்குள் கிடந்தது
பித்தளைத் திருகுக் கவ்வி ஒன்று.
ஆஸ்பத்திரிப் பேனாக்கள் வீட்டுக்கு வருமே,
அப்படி வந்தது.
தாராளமான கிளையில் மாட்டிக்
கால் சுற்று. எண்ணு.
இன்னும் கால். எண்ணு.
இறுக்கம் கூடிப்போய்த் தளர்த்தினோம்.
கைதவறிக் குவளை ஒன்று தரையில் கவிழ்ந்தது.
அது யார் கூரை என்று
இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்து
தேவைக்கு மேல் சிரித்தோம்.

இருபத்திரண்டு. இருபத்து நான்கு.

மொத்த ஓட்டம் முன்னைவிடக் குறைவு.
விரல்விட்டுக் கணக்குப் போட்டு
முகம் சுளித்தான் லூபோர்.
எல்லாவற்றையும் திரும்ப மாட்டி
ஒரு மணி நேரம் ஓடவிட்டோம்.
ஐம்பத்து மூன்று. நாற்பத்து நான்கு.

அந்த இரண்டு விநாடி அவனை உறுத்தியது.
விடு என்றேன்.
நான்காம் கட்டிலுக்கும் ஆறாம் கட்டிலுக்கும்
ஒரே வேகம் வைத்தால்
விடிவதற்குள் ஒருவர் போய்ச்சேர்வார்.

என் தலையணையை நனைத்தது மூட்டில் ஒரு ரப்பர் வளையம்.
பதினொரு கொருனா.

மார்ச்சில் ஏணியோடு வந்து வெள்ளையடித்தான்.
நிறம் ஒட்டவில்லை.
பொரூபாவில் பகல் வெளிச்சம் விழும்போது
காது இன்னும் தெரிகிறது.

ஏப்ரலில் எங்கள் பிரிவில் கணக்கெடுப்பு.
திருகுக் கவ்வி ஒன்று குறைந்தது.
"உடைந்தது" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.